நோனாவின் வட்டப் படம்

செய்தி வந்தபோது நான் துவாய் மடித்துக்கொண்டிருந்தேன். ரெக்ஸ்டேலில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. தொலைபேசி என்று கூப்பிட்டார்கள். மறுமுனையில் றீற்றா. "அம்மா இன்று காலையில் போய்விட்டா, நித்திரையிலேயே" என்றாள். நான் "ஓம்" என்றேன். தமிழில்தான் சொன்னேன், அவளுக்கு அது விளங்கியிருக்கும். அடக்கம் எங்கே, எப்போது என்று சொன்னாள். அதற்கும் "ஓம்" என்றேன். பிறகு திரும்பி வந்து மீதித் துவாய்களை மடித்தேன். மூலைக்கு மூலை சரியாக வருகிறதா என்று பார்த்து, வழக்கத்தைவிட நேர்த்தியாக மடித்தேன். பக்கத்தில் நின்ற பெண், யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். "என்னுடைய பழைய வீட்டுக்காரி" என்றேன். அவள் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். வீட்டுக்காரி செத்ததற்கு யார்தான் என்ன சொல்ல முடியும்?

டவ்ரின் வீதிக்குப் பக்கத்தில், முன்னால் முந்திரிகைக் கொடி படர்ந்த செங்கல் வீடு. அதன் பேஸ்மென்றில், நிலக்கீழ் அறைகளில், ஒரு காலத்தில் இருந்த நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு இந்த நாட்டில் முதல் விலாசம் அதுதான். அந்த அம்மாவின் பெயர் அசுந்தா என்பது, தேவாலயத்தில் தந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் சிலருக்குத் தெரிந்திருக்கும். நமக்கு அவர் நோனா.

அந்தப் பெயர் வந்த கதை எங்களோடு தொடங்கியது. எண்பத்து நாலாம் ஆண்டு குளிர் தொடங்கும் நேரத்தில் நானும் என் கணவரும் அந்த வீட்டுக்குப் போனோம். பேரப்பிள்ளைகள் மேலே ஓடித் திரிந்துகொண்டு அவரை "நொன்னா, நொன்னா" என்று கூப்பிட்டார்கள். இத்தாலி மொழியில் அப்பம்மாவையும் அம்மம்மாவையும் அப்படித்தான் சொல்வார்களாம். என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மட்டக்களப்பில் பறங்கிப் பெண்களை நாங்கள் நோனா என்போம். "கடல் தாண்டி வந்தும் நமக்கு ஒரு நோனாதான் வீடு தாறா, பாத்தியா புள்ள" என்றார். கொழும்பை விட்ட பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நோனாவின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அளவு குறைவு. ஆகவே எங்களுக்குள் கதை சுலபமாக ஓடியது. அவர் சொன்னவை எல்லாம் என் நினைவில் என் பேச்சிலேயே தங்கிவிட்டன. அப்படியே எழுதுகிறேன், அவர் கோபிக்கமாட்டார். வந்த முதல் நாள், எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். ஏன் வந்தீர்கள் என்றார். எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பில் எங்கள் வீட்டை எரித்துவிட்டார்கள் என்றேன்.

"ஆர் எரிச்ச?"

"தெருவில இருந்த ஆக்கள். முகம் தெரிஞ்ச ஆக்களும் இருந்தாங்க."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஐயோ என்றோ பாவம் என்றோ சொல்லவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய், பேஸ்மென்ற் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது, எந்தக் குமிழ் இறுக்கம், எந்த யன்னலைத் திறந்தால் புகை போகும் என்று காட்டித் தந்தார். அன்றைக்கு எனக்குத் தேவையாக இருந்தது அதுதான் என்று பிறகு நினைத்திருக்கிறேன். அன்று அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. அந்த நாட்களில் நான் எதையும் பெரிதாக நினைக்கவில்லை. நடந்தேன், சமைத்தேன், கேட்டால் பதில் சொன்னேன்.

ஒரே ஒரு முறைதான் எங்களுக்குள் சண்டை வந்தது. அது கருவாட்டால். ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு கடையில் கருவாடு கண்டுவிட்டு என் கணவர் வாங்கி வந்தார். நான் பொரித்தேன். நோனா மாடிப்படியின் பாதிக்கு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, யன்னல், யன்னல் என்று கத்தினார். பக்கத்து அறையில் இருந்த தேவி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரி, எல்லாவற்றையும் முதலில் யோசிப்பவர். "உங்களுக்கு உது தேவையோ? இனி வீட்டை விட்டு எழுப்பப் போறா" என்று என்னைக் கடிந்துகொண்டார். ஆனால் யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் நோனா பலகை போல விறைத்த ஒரு உப்பு மீனைக் கீழே கொண்டுவந்து தொட்டியில் ஊறப் போட்டார். பேஸ்மென்ற் முழுக்க அதே மணம். என் கணவர் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று மூக்கைப் பொத்தினார். நோனா அவரைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். பிறகு தோளில் ஓங்கி ஒரு அடி போட்டுவிட்டு, சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு கருவாட்டைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

அந்த நத்தாருக்குத்தான் வட்டப் படத்தை முதலில் பார்த்தேன். மேலே முன் அறையில், நத்தார்க் காலத்துக்கென்று, நடுச் சுவரில் மாட்டியிருந்தார். இரண்டு கையையும் விரித்துத்தான் தூக்கலாம், அவ்வளவு பெரிய வட்டம். சட்டம் முழுக்கப் பழமும் இலையுமாகச் செதுக்கிப் பொன் பூசியிருந்தது. நோனாவின் ஊரில் ஒரு பெரிய வீட்டில் ஐந்நூறு வருடப் பழைய படம் ஒன்று இருந்ததாம். அதைப் பார்த்து ஊர்க்காரர் ஒருவர் நோனாவின் தாயின் கல்யாணத்துக்கு வரைந்து கொடுத்தது இது. கப்பலில் படுக்கை விரிப்புகளில் சுற்றி, ஆடைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். நோனாவின் கணவர் சுவர்ப்பூச்சு வேலை செய்தவர். நாங்கள் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அந்த வீட்டை வாங்கியதும் அவர் முதலில் அடித்த ஆணி அந்தப் படத்துக்குத்தானாம்.

படத்தில் யேசு பிறந்திருக்கிறார். மாதா முழங்காலில் நின்று கை கூப்பியிருக்கிறார். பிள்ளை வெறும் மேனியாக நிலத்தில், மாதாவின் நீல மேலாடையின் ஓரத்தில் கிடக்கிறது. மறுபக்கத்தில் மாதாவின் கணவர் சூசையப்பர், வயதானவர், கன்னத்தில் கை வைத்துக் குந்தியிருக்கிறார். பின்னால் மாடும் கழுதையும். மேலே இறக்கையோடு இரண்டு சம்மனசுகள். தூரத்து மலையில் புள்ளி புள்ளியாக இடையர்கள். படம் வட்டமாக இருப்பதால் எல்லாரும் வளைந்துதான் நிற்க வேண்டும். மாதாவின் முதுகு சட்டத்தோடு சேர்ந்து வளைகிறது, சூசையப்பரின் முதுகு அந்தப் பக்கத்தால் வளைகிறது, சம்மனசுகளும் மேலிருந்து குனிகின்றன. யாரும் நிமிர்ந்து நிற்க அதில் இடமில்லை. எல்லாருடைய குனிவும் பிள்ளையிடம் வந்து முடிகிறது.

"சதுரப் படம் கோயிலுக்கு, வட்டப் படம் வீட்டுக்கு" என்றார் நோனா. அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டில் இப்படியான வட்டப் படங்களை வீடுகளில், படுக்கை அறைகளில் மாட்டுவார்களாம். என் கணவர் சூசையப்பரைக் காட்டி, "கிழவனுக்கு நித்திரை" என்றார். நோனா தலையை ஆட்டினார்.

"நித்திரை இல்ல. என்ன செய்யிற எண்டு தெரியல்ல அவருக்கு. அவ்வளவுதான்."

அடுத்த வருடம் வெயில் காலத்தில் எனக்குப் பிள்ளை தங்கியிருந்தது. என் அம்மா மட்டக்களப்பில். அவரால் வர முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். கடிதம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. நான் அதற்கும் அழவில்லை. நோனா ஒரு நாள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு மேலே போனார். பின்னேரம் அவருடைய மகன் ரோனி, வட்டப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படியில் பக்கவாட்டாக இறங்கி வந்தான். எங்கள் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார் நோனா. ரோனிக்கு விருப்பமில்லை. அவன் வூட்பிரிட்ஜில் தன் குடும்பத்தோடு இருந்தான், நல்லவன்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் நியாயம் கேட்பான்.

"அவர்கள் இந்துக்கள், அம்மா."

"வயிறும் இந்துவா?" என்று கேட்டார் நோனா. "ஆணியைக் கொஞ்சம் மேலே அடி."

என் பிள்ளையார் படம் ஒரு தட்டில் இருந்தது. நோனா அதைக் கொஞ்சம் நகர்த்தி, மாதாவுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி வைத்துவிட்டுப் போனார். தேவி அக்கா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "நல்ல வடிவான படம். இருந்திட்டுப் போகட்டும், விடுங்கோ" என்றார். காலையில் கண் விழித்ததும் நான் பார்த்தது அந்தப் படத்தைத்தான். மாதா கும்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பிள்ளையோடு பேசுவேன். ஊரிலே காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போவோம் அல்லவா, அந்தக் கதையெல்லாம் சொல்வேன். யாரும் இல்லாத நேரத்தில்தான்.

மரங்களில் இலை கொட்டி முடிந்த நேரத்தில் பிள்ளை பிறந்தது. ஆண். மூச்சு இருக்கவில்லை. யாருடைய பிழையும் இல்லை, வைத்தியர் அப்படித்தான் சொன்னார், நானும் நம்புகிறேன். தாதி ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து, வைத்திருக்கப் போகிறாயா என்று கேட்டாள். என் கை எழும்பவில்லை. ஏன் என்று தெரியாது. அவள் சிறிது நேரம் நின்றுவிட்டுக் கொண்டுபோனாள். துணியின் ஓரத்தில் இளநீலக் கோடு இருந்தது. எனக்கு நினைவில் இருப்பது அவ்வளவுதான். முகம் நினைவில் இல்லை. பார்த்தேனா என்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைத் திறந்தபோது சுவரில் படம் இல்லை. படம் மட்டுமா, ஆணியும் இல்லை. ஆணி இருந்த துளையை அடைத்து, தேய்த்து, மேலே வர்ணமும் பூசியிருந்தது. வர்ணம் இன்னும் முழுதாகக் காயவில்லை, மணந்தது. நோனாவே செய்திருக்கிறார், புருஷனுடைய பழைய பூச்சுக் கரண்டியை எடுத்து. ஆனால் மூலையில் இருந்த தொட்டிலும், அதற்குள் மடித்து வைத்திருந்த சின்னச் சட்டைகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. தேவி அக்காவுக்குக் கோபம். "எடுக்க வேண்டியதை விட்டிட்டு, படத்தை எடுத்து வைச்சிருக்கிறா. தொட்டிலையல்லோ முதல்ல அப்புறப்படுத்தியிருக்க வேணும்" என்று நோனாவிடமே போய்ச் சொன்னார்.

நோனா படியில் நின்றபடி சொன்னது எனக்குக் கேட்டது.

"படம் என்னுடையது. நான் கழற்றலாம். தொட்டில் அவளுடையது. அவள் சொல்லட்டும்."

எனக்குத் தெரிந்து அந்த நாட்களில் என்னிடம் விடப்பட்ட ஒரே விஷயம் அந்தத் தொட்டில்தான். மற்ற எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்து முடித்திருந்தார்கள். அடக்கத்தைக்கூட என் கணவரும் அவருடைய கூட்டாளிகள் சிலரும் போய் முடித்துவிட்டு வந்தார்கள். அவர் வந்து கட்டில் ஓரத்தில் குந்தினார். கன்னத்தில் கை.  இரண்டு பேரும் வர்ணம் பூசிய இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பலர் வந்து பார்த்தீர்கள். சோறு கொண்டுவந்தீர்கள். உங்கள் அன்பை நான் மறக்கவில்லை. "இனி அதை நினைக்கக் கூடாது", "இளம் வயசுதானே, அடுத்தது வரும்" என்றெல்லாம் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். அந்தச் சொற்கள் என் மேல் பட்டனவா என்றுகூடத் தெரியவில்லை. மரத்துப்போன காலை யாரோ தொடுவது போல இருந்தது. நோனா மட்டும் தினமும் இறங்கி வந்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, மடியில் அவரைக்காயை வைத்துக்கொண்டு உரித்தார். பேசவில்லை. உரித்து முடிந்ததும் எழுந்து போனார். அப்படிக் கொஞ்ச நாள் போனது.

ஒரு நாள் அவரைக்காய் முடிந்த பிறகும் எழும்பவில்லை.

"அவன்ர பேர் என்ன?" என்று கேட்டார்.

 அங்கே நின்ற தேவி அக்கா, "எங்களுக்குள்ள அப்பிடிப் பேர் வைக்கிறேல்லை, அன்ரி" என்றார் ஆங்கிலத்தில். நோனா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"வயித்துக்குள்ள இருக்கக்குள்ள கதைச்சாய்தானே. மேல எனக்குக் கேக்கும். என்ன சொல்லிக் கூப்பிட்ட?"

யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன். "கதிர்" என்றேன். என் கணவரிடம்கூட அந்தப் பெயரை ஒரு முறைதான் சொல்லியிருந்தேன்.

"கத்தீர்" என்றார் நோனா. கடைசி எழுத்தை அவர்கள் வழக்கப்படி நாக்கில் உருட்டினார். இன்னொரு முறை சொன்னார். சரியா என்று கேட்டார். சரி என்றேன். பிழைதான், ஆனால் சரி என்றேன். பிறகு எழுந்து, தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்.

அவருக்கும் அப்படி ஒரு பிள்ளை போயிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் கேட்டேன். இல்லை என்றார். பெற்றது மூன்று, மூன்றும் குத்துக்கல்லாக இருக்கின்றன என்றார். "எனக்கு அது எப்பிடியெண்டு தெரியாது. தெரியாததாலதான் உன்னட்டக் கேக்கிறன்" என்றார். துக்கம் கேட்க வந்தவர்களில் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அந்த வருட நத்தாருக்கு முன் அறைச் சுவர் வெறுமையாக இருந்தது. படம் எங்கே என்று பேரப்பிள்ளைகள் கேட்டது மேலிருந்து கேட்டது. பிறகு ரோனியின் குரல், பிறகு மகள் றீற்றாவின் குரல், இத்தாலி மொழியில் வேகமாக. நோனாவின் குரல் ஒரு முறைதான் கேட்டது. சிறிய வாக்கியம். அடுத்த வருடமும் அப்படியே. அந்த இரண்டாவது நத்தாருக்கு ரோனி கீழே இறங்கி வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, உட்காராமல் நின்றான்.

"குறை நினைக்கக் கூடாது" என்று தொடங்கினான். "அந்தப் படம் எங்கள் அப்பா மாட்டியது. அது இல்லாமல் எங்களுக்கு நத்தார் இல்லை. கேட்டால், நீங்கள் மேலே வருவீர்கள், உங்கள் கண்ணில் படக் கூடாது என்கிறா அம்மா. நீங்கள் அப்படிக் கேட்டீர்களா?"

"நான் ஒண்டும் கேக்கல்ல" என்றேன். அதுதான் உண்மை. படம் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். பிறகு, நத்தார் வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான். கோபமா வெட்கமா என்று அவன் முகத்தில் பிரித்தறிய முடியவில்லை.

பண்டிகை கழிந்ததும் நான் மேலே போய் நோனாவிடம், படத்தை மாட்டுங்கள் என்றேன். என்னால் உங்கள் பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வேண்டாம் என்றேன்.

"உன்னால பாக்க ஏலுமா?"

"தெரியாது."

"தெரிஞ்ச உடன வந்து சொல்லு. அதுவரைக்கும் அது கட்டிலுக்குக் கீழ கிடக்கட்டும். ஐந்நூறு வருஷம் இருந்த படம், அதுக்கு அவசரம் இல்ல." ஐந்நூறு வருடம் இருந்தது இந்தப் படம் அல்ல, ஊரில் உள்ள மூலப் படம்தான். நான் திருத்தவில்லை.

அடுத்த வசந்தத்தில் நாங்கள் ரெக்ஸ்டேலில் ஒரு அப்பாட்மென்றுக்குப் போய்விட்டோம். தொட்டிலை நானே கழற்றினேன். தேவி அக்காவுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன். நோனா வாசலில் நின்று, ஒரு பை நிறையத் தக்காளிப் போத்தல்களைத் தந்தார். இனி நான் அந்த வீட்டில் இல்லை, ஆகவே படம் வெளியே வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மார்கழியில் அவரைப் பார்க்கப் போனேன். மரம் சோடித்திருந்தது. சுவர் வெறுமையாகவே இருந்தது.

அவர் அந்த வருடம் நன்றாக மெலிந்திருந்தார். மூச்சு வாங்கியது. பேசிக்கொண்டிருந்தோம். நான் எதையும் யோசித்துச் சொல்லவில்லை. சொல் தானாக வந்தது.

"படத்த எடுப்பமா?"

அவர் எழுந்து அறைக்குள் போனார். கட்டிலுக்குக் கீழே நான்தான் குனிந்து இழுத்தேன். அதே படுக்கை விரிப்புகள். கட்டிலில் வைத்து அவிழ்த்தோம். இரண்டு பக்கமும் இருவர் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு நெஞ்சு உடையும் என்று பயந்திருந்தேன். உடையவில்லை. அழுகையும் வரவில்லை. வெறும் படமாகத்தான் தெரிந்தது. வர்ணம், பலகை, பொன் பூச்சு. பிறகு மெல்ல ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அத்தனை நாள் காலையில் எழும்பிப் பார்த்த படத்தில் அதை நான் கவனித்ததில்லை.

"பிள்ளைய ஏன் நிலத்தில வச்சிருக்கா? ஏன் ஒருத்தரும் தூக்கல்ல?" என்று கேட்டேன்.

நோனா எட்டிப் பார்த்தார், முதல்முறை பார்ப்பவர் மாதிரி.

"நானும் சின்னப் பிள்ளையில அம்மாட்டக் கேட்டனான்" என்றார். "தூக்கத்தான் போறா எண்டு அம்மா சொன்னா. கும்பிட்டு முடிய, தூக்குவா."

நான் என் கைகளைப் பார்த்தேன். அவை மடியில் கிடந்தன.  நோனா என் ஒரு கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவருடைய உள்ளங்கை சொரசொரப்பாகவும் சூடாகவும் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பிறகு அவர் தொலைபேசியை எடுத்து ரோனியைக் கூப்பிட்டு, சுத்தியலோடு வா என்றார்.

அந்த நத்தாருக்குப் படம் முன் அறையில் இருந்தது. அதுதான் அவருடைய கடைசி நத்தார். மாசி மாதம் போய்விட்டார்.

அடக்கத்துக்கு உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். தேவாலயத்தின் பின்வரிசையில் ஒன்றாக நின்றோம். எப்போது எழும்ப வேண்டும், எப்போது முழங்காலில் நிற்க வேண்டும் என்று தெரியாமல் முன்னால் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். தேவி அக்கா மார்க்கம் நகரத்திலிருந்து வந்திருந்தார். சத்தமாக அழுதார். நான் அவருக்குக் கைலேஞ்சி கொடுத்தேன். எனக்குத் தேவைப்படவில்லை.

பூசை முடிந்து வரிசையாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கை கொடுத்தோம். ரோனி நின்றான். அவனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி, அவளுடைய ஆட்கள், வேறு உறவினர்கள் சிலர், எனக்குத் தெரியாத முகங்கள். நான் என் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். அவன் என் கையைப் பிடித்தபடியே அவர்கள் பக்கம் திரும்பினான்.

"இவதான் கத்தீரின் அம்மா" என்றான்.

அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என்னை நிறுத்தியது. அவர்களில் வயதான ஒருத்தி, "ஆ, கத்தீர்" என்று சொல்லி என் கன்னத்தைத் தொட்டாள். அந்த வீட்டில் நத்தார் இரவுச் சாப்பாட்டுக்கு முன் நோனா இறந்தவர்களின் பெயர்களைச் சொல்வாராம், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்களாம். தன் தாய், தகப்பன், கணவர். அந்த வரிசையில் என் பிள்ளையின் பெயரும் இருந்திருக்கிறது. ரோனி இன்னும் என் கையை விடவில்லை. "முதல் வருடம் நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. படத்தால் கோபம். பிறகு சொன்னேன்" என்றான்.

என் பிள்ளையின் பெயரைச் சொல்பவர்கள் நானும் நோனாவும் மட்டும், இனி நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றிருந்தேன். அறிமுகமே இல்லாத ஒரு குடும்பம் மேசையில் உட்கார்ந்து அதைச் சொல்லியிருக்கிறது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பனி உருகித் தெரு சேறாக இருந்தது. என் கணவர் கோட்டுப் பைக்குள் கையை வைத்துக்கொண்டு தெருவையே பார்த்தார். அந்தப் பெயர் அவர் வாயில் இருந்து ஒரு நாளும் வந்ததில்லை.

"கதிருக்கு இப்ப ரெண்டு வயசு முடிஞ்சிருக்கும், என்ன புள்ள" என்றார்.

"ஓம்" என்றேன். "ஓடித் திரிவான்."

"கருவாடு தின்னுவானோ தெரியா" என்றார். பஸ் வந்தது. ஏறினோம். அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

நோனாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். நம் ஆட்களின் வீடுகளுக்கு இப்போது அடிக்கடி துக்கச் செய்தி வருகிறது. போன கிழமையும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் கட்டடத்திலேயே, அண்மையில் வந்த ஒரு பெண். ஊரில் தம்பி போய்விட்டான் என்று செய்தி வந்திருந்தது. அறை நிறையச் சனம். எல்லாரும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். கூட்டம் கலையும்வரை ஒரு மூலையில் இருந்தேன். பிறகு கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"தம்பிட பேர் என்ன, மகள்?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"தவராசா" என்றாள். "வீட்டில தவம் எண்டு கூப்பிடுற. நான்தான் அப்பிடிக் கூப்பிடத் தொடங்கின." என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "சின்னனில அவனுக்குப் பேச்சு பிந்தித்தான் வந்தது, அன்ரி…"

பிறகு அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் எழும்பவில்லை.